தியேட்டர் லிஸ்ட்டின் கடைசிப் பெயர்

அறுவை சிகிச்சைப் பிரிவில் மறுநாளைக்கான தியேட்டர் லிஸ்ட்டை முதல் நாள் மாலையே எழுதிவிடுவார்கள். அந்த வேலை பெரும்பாலும் ஹவுஸ் சர்ஜன் எனும் பயிற்சி மருத்துவர் தலையில்தான் விழும். யாரை முன்னால் போடுவது, யாரைப் பின்னால் தள்ளுவது என்பதற்குக் காரண காரியம் உண்டு. கைக்குழந்தை பட்டினி தாங்காது, அதனால் முதலில். சர்க்கரை நோயாளியை வெகுநேரம் வெறும் வயிற்றோடு வைக்க முடியாது, அதனால் அடுத்து. சீழ் பிடித்த புண் என்றால் கடைசியில். இவற்றோடு, எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத வழக்கம் ஒன்றும் பல இடங்களில் நடக்கிறது. எச்.ஐ.வி. பரிசோதனையில் பாசிட்டிவ் என்று வந்தவர், அவருக்குச் செய்யப்போவது சாதாரணக் குடலிறக்க அறுவையாகவே இருந்தாலும், லிஸ்ட்டில் கடைசியில்தான் இருப்பார். முந்தின இரவு சாப்பிட்டதோடு சரி. மதியம் இரண்டு மணிக்கு மேல், "இன்னிக்கு டைம் ஆயிடுச்சு, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று சொல்லி வார்டுக்கே திருப்பி அனுப்பவும் கூடும்.

லிஸ்ட் எழுதிய ஹவுஸ் சர்ஜனிடம் காரணம் கேட்டால், "அவருக்குச் செஞ்ச பிறகு தியேட்டரை நல்லா கழுவணும்" என்பார். மற்றவர்களுக்குச் செய்த பிறகு நல்லா கழுவமாட்டீர்களா என்று கேட்டால் பதில் வராது, ஒரு சிரிப்பு வரும். விடை தெரியாததால் அல்ல, தெரிந்ததால் வரும் சிரிப்பு அது. எச்.ஐ.வி. கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது. உடலுக்கு வெளியே நலிந்துபோகும் கிருமி அது. தியேட்டரில் வழக்கமாகப் பயன்படுத்தும் ஹைப்போகுளோரைட் கரைசலே அதற்குப் போதும். ஹெபடைடிஸ் பி கிருமியோ, காய்ந்துபோன ரத்தக் கறையில் 7 நாளாவது உயிரோடு கிடக்கும். கழுவும் முறையை முடிவுசெய்ய வேண்டியது இந்த இரண்டாவது கிருமி. ஆகவே ஒவ்வொரு அறுவைக்குப் பிறகும் தியேட்டரை ஒரே மாதிரிதான் கழுவ வேண்டும். அப்படிக் கழுவினால் யார் முதல், யார் கடைசி என்பதற்கு எச்.ஐ.வி. ஒரு காரணமே இல்லை.

இதெல்லாம் அந்த ஹவுஸ் சர்ஜன் படித்ததுதான். மருத்துவ மாணவர்களிடமும் பயிற்சி மருத்துவர்களிடமும் எச்.ஐ.வி. பற்றி என்ன தெரிகிறது, என்ன நினைக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று மூன்றையும் தனித்தனியே கேட்கும் ஆய்வுகள் இந்தியாவிலும் வெளிநாடுகளிலும் ஏராளம் நடந்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் படிக்க வேண்டிய அவசியமில்லை. பல ஊர்களில் கதை ஏறக்குறைய ஒன்றுதான். பாலுறவு, ரத்தம், ஊசி, தாயிடமிருந்து குழந்தைக்கு என்று பரவும் வழிகளைக் கேட்டால் பெரும்பாலோர் சரியாகச் சொல்வார்கள். கொசு என்று சொல்பவர்கள் அங்கங்கே எஞ்சியிருப்பார்கள். ஊசி குத்திவிட்டால் எத்தனை மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து எடுக்க வேண்டும் என்ற கேள்வியில்தான் மதிப்பெண் சரியும். நோயாளியைத் தனியே படுக்கவைக்க வேண்டுமா, கேஸ் ஷீட்டில் அடையாளம் போட வேண்டுமா, அறுவைக்கு வரும் எல்லோருக்கும் கட்டாயப் பரிசோதனை வேண்டுமா என்று அடுத்த பக்கத்தில் கேட்டால் 'ஆம்'கள் குவியும். பரவும் வழி சரியாகத் தெரிந்த அதே ஆள்தான் அடையாளமும் போடச் சொல்கிறார். பரீட்சைத் தாளில் இருக்கும் அறிவு கைக்கு வந்து சேரவில்லை என்பதுதான் என் கட்சி. இன்னும் நாலு வகுப்பு எடுத்தால் இது சரியாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை.

முதலில் பயத்துக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். ஊசி குத்துவது நிஜம். ராத்திரி இரண்டு மணிக்கு முப்பது நாற்பது பேர் படுத்திருக்கும் வார்டில், ஒரு கையில் டார்ச் வெளிச்சம், நரம்பு கிடைக்காத கிழவர், கையை உதறும் குழந்தை என்று ரத்தம் எடுப்பவர் பெரும்பாலும் அந்தப் பயிற்சி மருத்துவர்தான். எடுத்த ஊசிக்கு இரண்டு கையாலும் மூடி போடப்போகும்போது குறி தவறி இடது ஆள்காட்டி விரலில் ஏறும். மூடியே போடக் கூடாது, அப்படியே ஊசி வெட்டும் கருவியில் விட வேண்டும் என்பது விதி. அந்தக் கருவி வார்டின் மறுகோடியில், நர்ஸ் மேசை மேல் இருக்கும்.

குத்திவிட்டது. அந்த நோயாளிக்கு எச்.ஐ.வி. இருந்து, சிகிச்சையும் எடுக்காதவராக இருந்தால், தொற்று வரும் வாய்ப்பு எவ்வளவு? 0.3 சதவீதம். ஆயிரம் பேர் அப்படிக் குத்திக்கொண்டால் சுமார் மூன்று பேருக்கு. கண்ணிலோ வாயிலோ ரத்தம் தெறித்தால் அதைவிடக் குறைவு, 0.09 சதவீதம். அதே குத்து ஹெபடைடிஸ் பி நோயாளியிடமிருந்து வந்து, குத்திக்கொண்டவர் தடுப்பூசி போடாதவராக இருந்தால் வாய்ப்பு 6 முதல் 30 சதவீதம் வரை.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பது அளவு சம்பந்தப்பட்டது. ஒரு சாதாரண ஊசிக் குத்தில் உள்ளே போகும் ரத்தம் ஏறத்தாழ ஒரு மைக்ரோலிட்டர், அதாவது ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தீவிர ஹெபடைடிஸ் பி தொற்றில் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் பத்துக் கோடி கிருமிகளுக்கு மேல் இருக்கலாம். ஆகவே அந்தத் துளியூண்டு ரத்தத்திலேயே லட்சக்கணக்கில் வந்துவிடும். எச்.ஐ.வி. அப்படியல்ல. சிகிச்சை இல்லாதவர்களிடமும் மில்லிலிட்டருக்குப் பெரும்பாலும் ஆயிரங்களிலோ லட்சங்களிலோதான் இருக்கும்; குத்தில் வருவது பத்தோ நூறோ. வந்தவற்றிலும் பல ஊனமானவை, பெருகத் தெரியாதவை. பெருகத் தெரிந்ததற்கும் சிடி4 என்ற புரதத்தைச் சுமக்கும் உயிரணு பக்கத்தில் கிடைக்க வேண்டும்.

இப்போது நம் நாட்டு வார்டுக்கு இந்தக் கணக்கைக் கொண்டுவருவோம். இந்தியாவில் சுமார் 25 லட்சம் பேர் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறார்கள், வயது வந்தவர்களில் இது 0.2 சதவீதம். ஹெபடைடிஸ் பி, நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பேரிடம் இருக்கிறது. யாரென்றே தெரியாத ஒரு நோயாளியின் ஊசி குத்தினால், எச்.ஐ.வி. வரும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஆறு. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி வரும் வாய்ப்பு, எல்லாவற்றையும் குறைத்தே கணக்கிட்டாலும், பத்து லட்சத்தில் 1,200. மருத்துவமனைக்கு வருபவர்களிடம் தொற்று ஊர் சராசரியைவிடக் கூடுதலாக இருக்கும் என்பது உண்மைதான். அது இரண்டு கணக்கையும் சேர்த்தே ஏற்றும். ஆனால் 'ஹெபடைடிஸ் பி' என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தால் அந்தக் கட்டிலைச் சுற்றி யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை. அந்தத் தடுப்பூசியின் மூன்றாவது தவணையைப் போட மறந்த ஹவுஸ் சர்ஜன்கள் எந்தக் கல்லூரியிலும் கிடைப்பார்கள். பயத்தின் அளவுக்கும் ஆபத்தின் அளவுக்கும் இங்கே சம்பந்தமே இல்லை.

அமெரிக்காவில் 1985 முதல் 2013 வரை, வேலை செய்யும் இடத்தில் எச்.ஐ.வி. தொற்றியது என்று உறுதியான மருத்துவப் பணியாளர்கள் மொத்தம் 58 பேர். 1999க்குப் பிறகு அந்தக் காலம் முடியும்வரை ஒரே ஒருவர். இடையில் நடந்தவை இரண்டு: எல்லா நோயாளியின் ரத்தத்தையும் தொற்றுள்ளதாகவே நினைத்துக் கையாளும் முறை வந்தது, நோயாளிகளுக்கு நல்ல மருந்து வந்தது.

இந்த இரண்டாவது விஷயத்தில்தான் வார்டின் பயம் தலைகீழாக நிற்கிறது. ஒழுங்காக மாத்திரை சாப்பிடும் எச்.ஐ.வி. நோயாளியின் ரத்தத்தில் கிருமி, கருவியால் எண்ண முடியாத அளவுக்குக் குறைந்துவிடும். அப்படிக் குறைந்தவரிடமிருந்து பாலுறவு வழியாகத் தொற்று போவதில்லை. 2011இல் முடிவு வெளியான எச்.பி.டி.என். 052 ஆய்வில், ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத 1,763 ஜோடிகளைப் பார்த்தார்கள். உடனே சிகிச்சை தொடங்கியவர்களிடமிருந்து இணைக்குப் பரவுவது 96 சதவீதம் குறைந்தது. அந்த ஆய்வு நடந்த இடங்களில் சென்னையும் ஒன்று. பிறகு ஐரோப்பாவில் நடந்த பார்ட்னர் ஆய்வுகளில், கிருமி அடங்கியவர்களிடமிருந்து இணைக்குப் போன தொற்று பூஜ்யம். ஊசிக் குத்துக்கு இவ்வளவு துல்லியமான ஆய்வு இல்லை என்பதால், அங்கே தடுப்பு மருந்தை விட்டுவிடச் சொல்வதில்லை. ஆனால் கேஸ் ஷீட்டில் அடையாளம் போட்டு, இரட்டைக் கையுறை மாட்டி அணுகும் அந்த நோயாளிதான் எச்.ஐ.வி. சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் மாதாமாதம் மருந்து வாங்குபவர். பக்கத்துக் கட்டிலில் பரிசோதனையே செய்துகொள்ளாத ஒருவர் படுத்திருக்கலாம். அல்லது அண்மையில்தான் தொற்று பெற்று, ரத்தத்தில் கிருமி ஏறிக்கொண்டிருக்க, அறுவைக்கு முந்தைய பரிசோதனை 'நெகட்டிவ்' என்று காட்டும் ஒருவர் இருக்கலாம். எதிர்ப்புரதம் தெரியச் சில வாரம் பிடிக்கும். அவருக்கு வெறுங்கையோடு ஊசி போடுவார்கள்.

இந்த மனப்பான்மை எங்கே கற்றுக்கொள்ளப்படுகிறது? ரவுண்ட்ஸில். கட்டிலருகே போகும்போது சீனியர், "பாத்துப்பா, ரெட்ரோ" என்று காதோரம் சொல்வார். நோயாளிக்குப் புரியக் கூடாது என்று வைத்துக்கொண்ட சங்கேதம். கூட இருக்கும் அட்டெண்டர் முதல் வார்டைப் பெருக்கும் அம்மா வரை எல்லோருக்கும் புரியும். வகுப்பில் ஒரு மணி நேரம் நடத்திய பாடத்தை இந்த ஒரு சொல் அழித்துவிட்டுப் போகும். மும்பையிலும் பெங்களூருவிலும் டாக்டர்கள், நர்ஸ்கள், வார்டு ஊழியர்களிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், அறுவைக்கு வருபவர்களுக்குக் கட்டாயப் பரிசோதனை வேண்டும் என்றவர்கள் எந்தப் பிரிவிலும் 90 சதவீதத்துக்குக் குறையவில்லை. பாலுறவாலோ போதை ஊசியாலோ தொற்று பெற்றவர்கள் 'அவர்களுக்கு வேண்டியதுதான்' என்று பாதிக்கு மேற்பட்டோர் நினைத்தார்கள். அறிவியலுக்கு இதில் வேலையே இல்லை, இது தீர்ப்பு. ஹவுஸ் சர்ஜன் பக்கத்தில் நின்று தொழில் பழகுவது இவர்களிடம்தான்.

ஆனால் இந்த நாட்டில் எச்.ஐ.வி.யின் கதையே ஒரு மருத்துவ மாணவியிடமிருந்துதான் தொடங்குகிறது. 1985இன் கடைசி. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடினார். எய்ட்ஸ் நம் ஊரில் இருக்கிறதா என்று பார் என்றார் அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன். அது மேல்நாட்டுக்காரன் வியாதி, நம் பண்பாடு நம்மைக் காக்கும் என்று படித்தவர்களே பேசிக்கொண்டிருந்த காலம். பால்வினை நோய்க்காகப் பொது மருத்துவமனைக்கு வந்த பெண்களிடமும், காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பெண்களிடமும் நிர்மலா ரத்தம் சேகரித்தார். கணவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவார். கையுறை கிடையாது, வேறு பாதுகாப்பும் கிடையாது. எடுத்த மாதிரிகளை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்தார். சோதிக்கும் வசதி சென்னையில் இல்லாததால் 1986 பிப்ரவரியில் ஐஸ் பெட்டியோடு கணவனும் மனைவியும் இரவு ரயில் ஏறிக் காட்பாடியில் இறங்கி, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் ஜானின் வைராலஜித் துறைக்குப் போனார்கள். எலைசா தட்டில் ஆறு குழிகள் மஞ்சளாக, அதாவது பாசிட்டிவாக, மாறின. திரும்பச் செய்தும் மஞ்சள். அமெரிக்காவில் வெஸ்டர்ன் பிளாட் சோதனையும் அதையே சொன்னது. சட்டமன்றத்தில் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே அறிவித்தபோது நம்ப மறுத்தவர்கள் பலர்.

கையுறைகூட இல்லாமல் வேலை பார்த்த நிர்மலாவின் துணிச்சலைப் பாராட்டிவிட்டு நகர்ந்துவிட முடியாத இடம் ஒன்று இந்தக் கதையில் உண்டு. எதற்காக ரத்தம் எடுக்கிறோம் என்று அந்தப் பெண்களுக்குச் சொல்லவில்லை. அன்று அதற்கு விதி இல்லை. இன்று இருக்கிறது: 2017இல் இயற்றி 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கும் எச்.ஐ.வி. எய்ட்ஸ் சட்டம், நோயாளிக்கு விளக்கிச் சொல்லிச் சம்மதம் வாங்காமல் பரிசோதனை கூடாது என்கிறது. முடிவை வெளியே சொல்வதற்கும் தடை. பாரபட்சம் காட்டினால் கேட்பதற்கு, 20 பேர் இருக்கும் மருத்துவமனையில்கூடப் புகார் அலுவலர் ஒருவர் வேண்டும். ஆனால் அறுவைக்கு முந்தைய பரிசோதனைச் சீட்டில் சர்க்கரை, யூரியா, கிரியாட்டினின் என்று டிக் அடித்துக்கொண்டே வரும் பயிற்சி மருத்துவரின் பேனா, எச்.ஐ.வி. என்ற கட்டத்திலும் அதே வேகத்தில் டிக் அடித்துவிட்டுப் போகிறது. "ரத்தம் எடுக்கணும்மா, கைய நீட்டுங்க" என்பதே சம்மதம். அந்த அம்மாவுக்கு விஷயம் தெரியவருவது, தன் பெயர் லிஸ்ட்டில் கீழே போன பிறகுதான்.

சட்டத்தின் மறுபக்கத்தைப் பற்றி மருத்துவர்களே அதிகம் பேசுவதில்லை. ரத்தத்தோடு புழங்க வேண்டிய இடங்களில் வேலை செய்பவர்களுக்குப் பாதுகாப்புச் சாதனமும், குத்திவிட்டால் தடுப்பு மருந்தும் தர வேண்டியது நிறுவனத்தின் கடமை என்றும் அதே சட்டம் சொல்கிறது. அது கேட்டு வாங்க வேண்டிய உரிமை. கேட்க வேண்டிய நேரத்தில் கேட்பதில்லை.

குத்தியதும் விரலைப் பிதுக்குவதும், ஸ்பிரிட் ஊற்றித் தேய்ப்பதும், சிலர் வாயில் வைத்து உறிஞ்சுவதும் தப்பு. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். மருந்தை முடிந்தால் 2 மணி நேரத்துக்குள், அதிகம் போனால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும். இந்த 72 சும்மா வந்த எண் அல்ல. நுழைந்த கிருமி முதலில் அந்த இடத்துச் செல்களில் தங்கி, நிணநீர் முடிச்சுகளை எட்ட இரண்டு மூன்று நாளாகிறது என்பது குரங்குகளிடம் நடந்த ஆய்வுகளில் தெரிந்தது. அதற்குள் மருந்து போய்ச் சேர வேண்டும். டெனோஃபோவிரும் லாமிவுடினும் கிருமி தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக நகலெடுப்பதைத் தடுக்கின்றன. டோலுடெகிராவிர் அந்த நகல் நம் மரபணுவுக்குள் போய் ஒட்டிக்கொள்வதைத் தடுக்கிறது. ஒட்டிக்கொண்ட பிறகு அதைப் பிரித்தெடுக்கும் மருந்து இன்றுவரை கைவசம் இல்லை. பழைய சைடோவுடின் ஒன்றை மட்டும் வைத்திருந்த காலத்திலேயே, குத்திக்கொண்ட பணியாளர்களுக்குத் தொற்றும் வாய்ப்பை அது 81 சதவீதம் குறைத்ததை 1997இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆழமான குத்து, கண்ணுக்குத் தெரியும் ரத்தம், நரம்புக்குள் போய் வந்த ஊசி, நோய் முற்றிய நோயாளி ஆகியவை ஆபத்தைக் கூட்டும் என்று சொன்னதும் அதே ஆய்வுதான். தையல் ஊசியைவிடத் துளையுள்ள ஊசியைப் பார்த்துப் பயப்பட வேண்டியதன் காரணமும் இதில் இருக்கிறது.

இவ்வளவு இருந்தும் பயிற்சி மருத்துவர்கள் ஊசிக் குத்தை மறைக்கிறார்கள். சீஃப் திட்டுவார், டூட்டி நடுவில் யார் போவது, பரவாயில்லை சின்னக் கீறல்தான் என்று காரணங்கள் உண்டு. இவற்றுக்கு அடியில் சொல்லாத காரணம் ஒன்றும் இருக்கிறது. பதிவு செய்தால் தனக்கும் அன்றே ஒரு பரிசோதனை, பிறகு ஆறாவது வாரம், மூன்றாவது மாதம், ஆறாவது மாதம் என்று எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்துக்குப் போக வேண்டும். மாத்திரைக்கு ஏ.ஆர்.டி. மையத்தில் நிற்க வேண்டிவரலாம். தரப்போவதும் அங்கே நோயாளிகள் தினமும் சாப்பிடும் அதே மூன்று மருந்துக் கூட்டு. அந்த வாசலில் தன்னை யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அந்த வாசலில் நிற்பவர்களைப் பற்றித் தன் வார்டில் எப்படிப் பேசுகிறார்கள் என்று தினமும் கேட்கிறார். 72 மணி நேரம் இப்படித்தான் கழிகிறது.

2019 முதல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் மனப்பான்மை, அறநெறி, நோயாளியிடம் பேசும் முறை ஆகியவற்றுக்குத் தனிப் பகுதி வந்திருக்கிறது. நல்லதுதான். என்னைக் கேட்டால் அதைவிடப் பலன் தருவது, ஓராண்டுப் பயிற்சிக் காலத்தில் ஒவ்வொருவரையும் ஒரு வாரமாவது ஏ.ஆர்.டி. மையத்தில் உட்காரவைப்பது. 2004 ஏப்ரலில் இந்தியாவில் எட்டு இடங்களில் இலவச ஏ.ஆர்.டி. தொடங்கியபோது தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் அதில் ஒன்று. அன்று அங்கே காசநோயும் எலும்புக்கூடு போன்ற உடம்புமாக வந்தவர்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறைதான் இன்றைய பேராசிரியர்கள். அவர்கள் பயம் அங்கிருந்து வந்தது. இன்றைய மையத்தில் நீங்கள் பார்ப்பது, ஆபீஸுக்கு நேரமாகிறது என்று கவுண்டரில் அவசரப்படும் ஆண்கள், ஸ்கூல் யூனிஃபார்மோடு பிள்ளையைக் கூட்டி வந்திருக்கும் அம்மா, கொலஸ்ட்ரால் மாத்திரை தொடரவா என்று கேட்கும் அறுபது வயதுக்காரர். இந்த நோயோடு முப்பது வருஷம் வாழ்வது எப்படி என்று பாடப்புத்தகம் விளக்குவதைவிட அந்த வரிசை நன்றாக விளக்கும்.

ஹவுஸ் சர்ஜனாகச் சேரும் முதல் நாளில் ஸ்டெதாஸ்கோப் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை, எல்லோரிடமும் இருக்கும். அன்று கேட்க வேண்டியது வேறு. ஹெபடைடிஸ் பி மூன்று தவணையும் முடிந்ததா, தடுப்பூசி பலித்ததைக் காட்டும் ஆன்ட்டி-எச்.பி.எஸ். அளவு 10க்கு மேல் ஏறியிருக்கிறதா? ஊசி குத்தினால் தடுப்பு மருந்தின் முதல் மாத்திரை இந்த மருத்துவமனையில் எங்கே இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை இரவு அந்த அலமாரிச் சாவி யாரிடம்? கடைசிக் கேள்விக்கு சீஃபுக்கும் பதில் தெரியாத மருத்துவமனைகள் இருக்கின்றன.